நவம்பருக்கு ஒரு மழை

வெட்டவெளியில் படம் எடுக்கிற தொழிலில் மெட்ராஸ்காரனுக்கு வெளிச்சத்துக்குக் குறைவே கிடையாது. அவன் படுகிற பாடெல்லாம் அதனால்தான். வருஷத்தில் பத்து மாதம் வெயில். மிச்ச இரண்டு மாதம் மழை, அப்போது காமிராவைப் பையிலிருந்து எடுக்கவே பயமாக இருக்கும். இந்த ஊரில் ‘பருவங்கள்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு படம் எடுத்துக் கொடு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? சொல்லவில்லை என்றால் நீங்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர். சொல்லியிருந்தால் வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ராயப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். ஒன்பது வருஷம் பாஸ்போர்ட் போட்டோ அறைதான் என் ராஜ்ஜியம். எட்டடிக்கு ஆறடி, ஜன்னல் கிடையாது, ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் நீலத் திரை. ‘தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க, சிரிக்காதீங்க’ என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டில் குழந்தை சிரித்தால்கூட வாய் தானாக அதைச் சொல்ல வரும். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்த அறையை நான் மனசார வெறுத்தேன்.

இப்படி இருக்கும்போது ஒரு ஜனவரி மாதம், தி.நகரில் இருந்த ஒரு நிதி நிறுவனத்தின் எம்.டி. எங்கள் முதலாளியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அப்போதுதான் வெளிநாட்டில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே பார்த்த மாதிரி ஒரு காலண்டர் அடுத்த வருஷத்துக்கு வேண்டுமாம். பனி, வசந்தம், கோடை, இலையுதிர் காலம், மழை எல்லாம் வரவேண்டும், எல்லாம் மெட்ராஸிலேயே எடுத்ததாக இருக்க வேண்டும், டிசம்பருக்கு மட்டும் உறைபனி. முதலாளி எதற்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். உறைபனிக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு வந்தார்.

வெளி வேலையை என்னிடம் தரும்படி நான் கெஞ்சினேன். முதலாளியின் மச்சினன் ஒருவன் புதுக் காமிராவை மாட்டிக்கொண்டு அதே வேலைக்குக் காத்திருந்தான். முதலாளி யோசித்துவிட்டு ஒரு தீர்ப்பு சொன்னார். ஆகஸ்ட் கடைசிக்குள் படங்கள் சிவகாசி போய்ச் சேர வேண்டும், அங்கேதான் அச்சு. பன்னிரண்டையும் எம்.டி. ஒப்புக்கொண்டால் ஸ்டுடியோவின் வெளி வேலை முழுக்க இனிமேல் எனக்கு. நான் சரி என்றேன். அப்போது அவர் மேஜை மேல் இருந்த தூசியை ஊதிக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு கொறைஞ்சாலும் மச்சினன் வெளியே, நீ உள்ளே. சாகுற வரைக்கும் ஸ்டூலுதான்.”

பனி பெய்த போகி

ஜனவரிக்குப் பனி வேண்டும். மெட்ராஸில் பனி என்பது காலையில் பால்காரர் தலையில் மப்ளர் கட்டியிருப்பதை வைத்து நாமாக நம்ப வேண்டிய விஷயம். நாலு நாள் விடியற்காலையில் மயிலாப்பூர் குளக்கரைக்குப் போய் நின்றேன். பனியையும் காணோம், குளத்தில் தண்ணீரையும் காணோம். அந்த வருஷம் ஊரே வறண்டு கிடந்தது. குளத்துக்குள் இறங்கிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது நாள் போகி. ஊர் பூராவும் பழைய பாய், தலையணை, துடைப்பம், சைக்கிள் டயர் என்று வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். கோபுரம் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. குளத்தின் மேல் வெள்ளையாக ஒரு படலம். அதில் காய்ந்த தரையும் கிரிக்கெட் ஸ்டம்பும் மறைந்தே போயின. நான் இருமிக்கொண்டே ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்த எம்.டி., ஊட்டியைவிட நன்றாக இருக்கிறதே, நம்ம மயிலாப்பூருக்கு இவ்வளவு பனியா என்று ஆச்சரியப்பட்டார். நான் மறுக்கவில்லை.

அன்றைக்கே பக்கத்துத் தெருவில் பூசணிப் பூ வைத்த ஒரு பெரிய கோலத்தையும் எடுத்தேன். உறைபனிக்குப் பதில் மார்கழிக் கோலம் என்று எம்.டி.யைச் சரிக்கட்டலாம் என்பது என் கணக்கு. கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் புள்ளி வைத்தார். புகைக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தது பார்க்க அவ்வளவு அழகு. பனி பிரமாதமாக விழுகிறது என்று நான் பாராட்டி வைத்தேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பனின்னு வேணா போட்டுக்கோங்கோ, எனக்கென்ன. எங்காத்து மாமா எதிராத்து டயரோட அரைமணியா சண்டை போட்டுண்டிருக்கார்.”

இலை உதிர்ந்தது, உதிராதது

அக்டோபருக்கு இலையுதிர் காலம். நமக்கு அக்டோபரில் இலை உதிராது, செருப்புதான் சேற்றில் உதிரும். ஆனால் வாதாமரம் என்று ஒன்று இருக்கிறதே, அது பிப்ரவரியில் இலையெல்லாம் சிவந்து கொட்டும். அடையாறில் ஒரு காலனிக்குள் வரிசையாகப் பத்து மரம் இருந்தது. தரை முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. அன்றைக்கு மேகமூட்டம், அதனால் காலனி வாட்ச்மேனிடம் மறுநாள் காலை ஏழு மணிக்கு வருகிறேன், இந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

மறுநாள் போனால் தரை பளிச்சென்று இருக்கிறது. ஒரு இலை இல்லை. தண்ணிப் பஞ்சத்திலும் ஒரு வாளி தெளித்து வேறு வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டு வாசல் தோற்றது. காலனியைப் பெருக்குகிற அஞ்சலை துடைப்பத்தோடு ஓரமாக நின்று, திருப்திதானே என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். படம் எடுக்க ஆள் வருகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னதால் ஐந்து மணிக்கே எழுந்து வந்து பெருக்கினாளாம். யாரைக் கோபித்துக்கொள்வது? நம் வீட்டுக்குப் போட்டோ எடுக்க ஆள் வந்தால் நாமும் அதைத்தானே செய்வோம்.

நல்ல வேளை, இலைக் குவியல் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் சுவரோரம் இருந்தது. அதைத் திரும்பக் கொட்டச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். கடைசியில் நானே கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய், இயற்கையாக உதிர்ந்த மாதிரி இரைத்தேன். இயற்கையாக இரைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. படமும் நன்றாக வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது அஞ்சலை வழியை மறித்துத் துடைப்பத்தை நீட்டினாள்.

“நான் ஒரு தபா பெருக்கிட்டேன் சார். கொட்ன ஆளே பெருக்கிட்டுப் போ.”

பெருக்கிவிட்டுத்தான் போனேன்.

வசந்தம் வண்டி ஏறியது

இது சின்னக் கதை. ஏப்ரலுக்குச் சரக்கொன்றை. மந்தைவெளிப் பக்கம் ஒரு மரம், இலையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு ஃபிலிம் இல்லை. ஸ்லைடு ஃபிலிம் என்பது கோபக்கார மாமனார் மாதிரி. வெளிச்சம் கொஞ்சம் கூடக் குறைய ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் புதுசாக வாங்கிக்கொண்டு, காலை வெயில் சரியாக விழுகிற நேரம் பார்த்துத் திங்கட்கிழமை போனேன்.

கரண்ட் கம்பியில் கிளை உரசுகிறதென்று வெட்ட வந்தவர்கள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். மரம் மொட்டையாக நின்றது. வசந்தம் முழுக்கத் தரையில் கிடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று ஏணியில் இருந்தவரிடம் ஆற்றாமையோடு கேட்டேன். பூ அழகைக் கண்டு எனக்கு நெஞ்சு வலிப்பது அவருக்குப் புரிந்தது. நல்ல மனுஷர். இறங்கி வந்து, தன் சைக்கிள் கேரியரில் செருகியிருந்த கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். கடைசியில் அந்தக் கொத்தைத்தான் வானத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். அவரே பிடித்துக்கொண்டார். காலண்டரில் பார்த்தால் பெரிய மரம் என்றுதான் நினைப்பீர்கள்.

“எங்க ஊட்டு சாமிக்கு வெச்சிருந்தேன் சார். பரவால்ல, சாமிக்கு நாளைக்கி வேற மரம் வெட்டுவோம்.”

கத்திரி வெயிலில் ஒரு பைத்தியம்

மே மாதத்துக்குக் கோடை. இது ஒன்றுதான் தேடாமலே கிடைக்கும் என்று நினைத்தேன். பகல் ஒரு மணிக்குப் பாண்டி பஜாரில் நடு ரோட்டில் காமிராவை வைத்தால் தார் உருகி ஸ்டாண்டின் கால் உள்ளே போகிறது. ஃபிலிம் வெந்துவிடாமல் இருக்க ஈரத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். என்னைச் சுற்றத் துண்டு இல்லை. ரோட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. வெயிலைப் படத்தில் காட்ட வேண்டுமானால் வெயிலில் யாராவது அவஸ்தைப்பட வேண்டும், அவஸ்தைப்படுகிற ஒரே ஆளான நான் காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிளாட்பாரத்தில் நுங்கு விற்கிறவர் கோணியை விரித்து நிழலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிற மாதிரி இருக்கவே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் இரண்டு நுங்கைச் சீவிக் கொடுத்தார். நான் சாப்பிடுகிற நேரத்தில் அவர் தலைக்கு மேல் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வெற்றிலை பாக்கு வாங்கப் போனார். அப்படியே எடுத்துவிட்டேன். கானல் அலையில் கூடை மட்டும் மிதக்கிற மாதிரி விழுந்தது. திரும்பி வந்தவரிடம், வெயிலைத்தான் படம் பிடிக்கிறேன் என்று விளக்கினேன். அவர் எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“வெயிலு எங்க சார் ஓடிடப் போவுது? சாயங்காலமா சாவகாசமா வந்து எடுக்கறது?”

கிழக்கே மறைந்த சூரியன்

எம்.டி.க்குக் கடலில் சூரியன் மறைய வேண்டும். நம்ம கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் கிண்டிப் பக்கம்தான் மறையும் என்று விளக்கினேன். அவர் என்னைக் கொஞ்சம் சோம்பேறி என்று நினைத்த மாதிரி இருந்தது. காலையில் எடுத்துச் சாயங்காலம் என்று போட்டுவிட வேண்டியதுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். கேட்கிறவரே வழியும் சொல்லிவிட்டால் நாம் என்ன செய்ய?

எங்கள் ஸ்டுடியோவில் நெகடிவில் பென்சிலால் பரு, தழும்பெல்லாம் மறைத்துக் கொடுக்கிற இருதயராஜுக்குக் கொட்டிவாக்கம். அவன் சித்தப்பா கடலுக்குப் போகிறவர். ஜூன் மாதம் ஒரு விடியற்காலையில் இருவரும் கரையில் போய் நின்றோம். சூரியன் வந்தது, கட்டுமரங்களும் வந்தன, நானும் எடுத்துத் தள்ளினேன். கரையேறிய சித்தப்பாவிடம் இருதயராஜ் விஷயத்தைச் சொன்னான். இதைச் சாயங்காலம் என்று போடப் போகிறார்கள் என்று கேட்டதும் அவர் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

“போட்டுக்க நைனா, எனக்கு இன்னா வந்துச்சு. ஆனா நம்ம குப்பத்துல மட்டும் காட்டாத. சாயங்காலம் வரைக்கும் எங்க படுத்துக் கெடந்தேன்னு கேப்பாங்க.”

மழையைத் துரத்தியது

ஜூலை முடிவதற்குள் பதினோரு படத்தை எம்.டி. ஒப்புக்கொண்டுவிட்டார். கோலத்தையும்தான். பாக்கி ஒன்று. நவம்பர், மழை. இங்கேதான் நம் சங்கடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நவம்பர் மழை நவம்பரில்தான் பெய்யும். காலண்டரோ ஆகஸ்டில் அச்சுக்குப் போகிறது. போன வருஷத்து மழையை எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். போன வருஷம் மழையும் இல்லை, நான் அறையை விட்டு வெளியேயும் இல்லை.

ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை எப்போதாவது வரும். ரேடியோவில் தினமும் ‘நகரின் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்’ என்பார்கள். அந்த ஓரிரு இடம் எது என்பதைச் சொல்ல மாட்டார்கள். நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மொபெட்டில் அலைவேன். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் மழைக்கோட்டோடு ஒருவன் போனால் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். அடையாறில் நான் காத்திருந்தபோது நந்தனத்தில் பெய்தது. நந்தனம் போய்ச் சேர்ந்தால் ரோடு ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது, இப்போதுதான் நின்றது என்கிறார்கள். மயிலாப்பூர் பக்கம் கறுத்தது, ஓடினேன், காற்றடித்துக் கலைந்தது.

இப்படி மூன்று வாரம். ராத்திரியில் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ஸ்டூலும் நீலத் திரையும்தான். மச்சினன் வேறு தினம் வந்து, ‘இன்னும் எத்தனை நாள் இருக்கு?’ என்று அக்கறையாக விசாரிப்பான். ஆகஸ்டு இருபதாம் தேதி வாக்கில், திருவான்மியூர் வரை ஒரு கறுப்பு மேகத்தைத் துரத்திக்கொண்டு போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். ஸ்டுடியோ வாசலில் தெரு பூராவும் ஈரம். ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இருதயராஜ் தலை துவட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

“பத்து நிமிசம் நல்லா வெளுத்து வாங்கிச்சு மச்சி. உன்னிய நெனச்சிக்கினேதான் நனைஞ்சேன்.”

லாரி

முதலாளிக்குத் தெரிந்த ஒருவரிடம் தண்ணீர் லாரி இருந்தது. ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் லாரியை நிறுத்தி, மேலே ஒரு ஆள் ஏறிக் குழாயின் வாயை விரலால் அழுத்தி வானத்தைப் பார்த்துப் பீய்ச்சினால் மழை. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தால் துளியெல்லாம் மின்னும். குடை பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வர வேண்டும். அதற்கு மச்சினனே முன்வந்தான். படத்தில் தன் முகம் வரவேண்டும் என்றான்.

அந்தச் சந்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போவேன். அடிபம்பு பக்கத்தில் வரிசையாகக் குடங்கள் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சிவகாசிக்கு நாலே நாள்தான் இருந்தது.

மழை ஆரம்பித்தது. மச்சினன் குடையோடு நடந்தான், சிரித்தான், திரும்ப நடந்தான். ஒரு ரோலில் முப்பத்தாறு. முப்பது போய்விட்டது. அதற்குள் லாரி வந்திருக்கிறது என்று சந்து முழுக்கச் செய்தி பரவி, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் கன்னியம்மா, சந்து முனையில் இட்லிக் கடை போட்டிருப்பவள். தண்ணீர் குழாயிலிருந்து குடத்துக்கு வராமல் ஆகாயத்துக்குப் போவதைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். பிறகு குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மழைக்குள்ளேயே போய் நின்றுவிட்டாள். மற்றவர்களும் போனார்கள். பாதித் தண்ணீர் குடத்தில், பாதி அவர்கள் தலையில். நனைந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

முதலாளி விரட்டச் சொல்லிக் கத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் ஆறு தடவையும் பட்டனை அழுத்தினேன். ஃபிலிம் தீர்ந்ததும் லாரி மேலிருந்த ஆள், யாரும் சொல்லாமலே, குழாயைக் கீழே இறக்கிக் குடத்துக்குள் விட்டார். முதலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லாரி காலியாகிற வரைக்கும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கன்னியம்மா நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

“தண்ணிய மேல வுட்டுக்கினு இருந்தியே சார், மேல இன்னா, யாருக்காவது தாகமா?”

எம்.டி. மேஜையில்

விளக்குப் பெட்டி மேல் ஸ்லைடுகளைப் பரப்பி, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு எம்.டி. குனிந்தார். முதலாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மச்சினன் குடைப் படங்களை முதலில் பார்த்தார். முகம் சுளித்தார். யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது வழியில் வந்து மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருக்கிறது என்றார். மழையில் இப்படியா ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு வருவான் என்று கேட்டார். முதலாளி ஆமாம் சார் என்றார். அது அவர் மச்சினன் என்று சொல்லவில்லை. வெளியே எடுத்து வைக்க வேண்டாம் என்று முதலாளி தடுத்திருந்த அந்த ஆறு ஸ்லைடையும் நானே பெட்டி மேல் வைத்தேன்.

எம்.டி. ரொம்ப நேரம் நிமிரவில்லை. குடங்களும் கைகளும் மேலே தூக்கிய முகங்களும் பொன்னாக மின்னுகிற தண்ணீரும். எனக்கே அது நான் எடுத்த படம் மாதிரி தெரியவில்லை. எங்கே எடுத்தது என்று கேட்டார், ராயப்பேட்டை என்றேன். எப்போது பெய்தது என்று கேட்டார். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றேன், அதில் பொய் இல்லை. ஏழை ஜனங்கள் ஒரு துளியைக்கூட வீணாக்காமல் சேர்த்து வைக்கிறார்கள், சேமிப்பைப் பற்றி நம் நிறுவனம் இத்தனை வருஷமாகச் சொல்லியும் புரியவைக்க முடியாததை ஒரே படத்தில் சொல்லிவிட்டாய் என்று என் தோளில் தட்டினார். நவம்பருக்கு மட்டும் போதாது, அட்டைப் படமும் இதுதான் என்றார்.

“நம்ம கம்பெனிக்காகவே பெய்ஞ்ச மழை மாதிரி இருக்குய்யா.”

நிஜ மழை

எனக்கு வெளி வேலை கிடைத்துவிட்டது. மச்சினன் உள்ளே போனான். வருகிறவர்களைச் சிரிக்காதீங்க என்று அவன் சொல்கிற தோரணை என்னைவிட நன்றாக இருப்பதாக இருதயராஜ் சொன்னான். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சந்து வழியாக மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். சுற்றிக்கொண்டு போவேன்.

டிசம்பர் முதல் வாரம் காலண்டர் வந்தது. புயல் சின்னமும் வந்தது. மூன்று நாளாக விடாமல் கொட்டியது. ஆகஸ்டில் ஊர் பூராவும் நான் தேடிய மழை, வேண்டிய மட்டும், இலவசமாக. அன்றைக்கு நான் காமிராவை எடுக்கவில்லை. பத்துக் காலண்டரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் அடிபம்பு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள், இடுப்பில் காலிக் குடம். சாக்கடை கலந்துவிட்டதால் பம்பில் வருவதைக் குடிக்க முடியாதாம், வேறு தண்ணீர் வரும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம். காலையிலிருந்து நிற்கிறார்கள்.

ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தேன். எல்லோரும் முதலில் தங்கள் குடத்தைத்தான் தேடினார்கள். பச்சை என்னுடையது, அதன் விளிம்பு உடைந்திருக்கிறது பார் என்று ஒருத்தி மற்றவளுக்குக் காட்டினாள். படத்துக்குக் கீழே ‘இயற்கையின் கொடை’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. கன்னியம்மா அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் காலண்டர் நனையாமல் முந்தானைக்குள் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் காலிக் குடத்தை இடுப்பு மாற்றி வைத்தபடி கேட்டாள்:

“படம் சோக்கா கீது சார். அடுத்த வருசத்துக்கும் எடுக்கணும் இல்ல, லாரிய எப்ப இட்டுக்கினு வருவே?”

ஒரு வருஷம் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு ஊர் சுற்றிய எனக்கு, மழை வேறு தண்ணீர் வேறு என்று தெரிந்துகொள்ள ஒரு காலண்டரே அச்சாக வேண்டியிருந்தது.